ஊர் துஞ்சாமை: சவ்வாது மலையின் இருளும் காவலூர்த் தொலைநோக்கியும்

திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்த சவ்வாது மலைப்பகுதியில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று மலைநாடுகள் உள்ளன. சோழர் காலத்து ஆட்சிப் பிரிவின் பெயராகக் கல்வெட்டுகளில் நாம் பயிலும் 'நாடு' என்னும் சொல், இம்மலையில் சிற்றூர்கள் பல சேர்ந்த தொகுதிக்குப் பெயராக இன்றும் வழங்கி வருதல் தமிழாராய்வார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். இங்கு வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. சாமையும் பலாவும் புளியும் தேனும் இம்மலை தரும் செல்வங்கள். சந்தனமும் ஒருகாலத்தில் மிக்கிருந்தது.

இதே மலைத்தொடரில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் அமைந்துள்ளது. காவலூர் என்னும் பெயரைக் கண்ட அளவில் இரவுக் காவலையும் வான்காவலையும் இணைத்துப் பெயர்க்காரணம் கூறும் ஆசை எவர்க்கும் எழும். சான்று இன்மையின் அவ்வாசையைத் தடுத்துக்கொள்கிறோம்.

அறிவியல் வளர்ச்சிக்கும் இயற்கைக்கும் உள்ள பிணக்கினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அணையையும் ஆலையையும் வெட்டுண்ட காட்டையும் எடுத்துக்காட்டுவர். அவற்றிலெல்லாம் அறிவியல் ஒருபுறமும் இயற்கை மறுபுறமும் நிற்கும். நாம் ஒருபக்கம் சேர்ந்து வழக்காடல் எளிது. காவலூரில் நிலைமை அவ்வாறன்று. ஈண்டு அறிவியலின் ஒரு கிளை, இயற்கையின் ஒரு கூறாகிய இருள் மாசுறாது இருந்தாலன்றி வாழமாட்டாது. அறிவியலின் மற்றொரு கிளையோ அவ்விருளை நாள்தோறும் அரித்து வருகிறது. இவ்விரண்டிற்கும் இடையே, தம் தெருவிற்கு ஒரு விளக்கு வேண்டும் எனக் கேட்கும் மலைமக்கள் உள்ளனர். இம்முத்தரப்பு வழக்கினை, தமிழ் இலக்கியம் இரவைப் பற்றிக் கூறும் செய்திகளோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் கண்ட இரவு

பொழுதை முதற்பொருளாகக் கொண்ட இலக்கணம் நம்முடையது. நிலமும் பொழுதும் முதல். ஏனையவை அவற்றின்மேல் அமைவன. சிறுபொழுதுப் பகுப்பு முழுதும் வானத்து ஒளியின் ஏற்றத் தாழ்வைப் பற்றியே நிற்பது. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் யாமத்தை வரைந்தார். இதனை வெறும் மரபெனக் கொள்ளுதல் பொருந்தாது. மலையின் இரவு சமவெளியின் இரவினும் வேறானது. பள்ளத்தாக்கில் பொழுது விரைந்து சாயும். மரச்செறிவு நிலவொளியையும் மறைக்கும். விலங்கின் வரவை ஒலியால் அன்றிக் கண்ணால் அறிதல் அரிது. களவொழுக்கத்தின் இடர்களெல்லாம் இவ்விருளிலிருந்து பிறப்பன. அதன் காப்பும் இவ்விருளே.

பிற்கால அகப்பொருள் இலக்கணம் இதனை இன்னும் நுட்பமாக வகுத்தது. இரவுக்குறி இடையீடு படுதற்குரிய காரணங்களாக நாற்கவிராச நம்பி ஏழினைக் கூறுகிறார். தாயும் நாயும் ஊரும் உறங்காதிருத்தல் மூன்று. காவலர் விரைந்து திரிதல் ஒன்று. நிலவு தோன்றுதல் ஒன்று. கூகையின் குழறலும் கோழியின் குரலும் ஏனை இரண்டு. இவற்றுள் 'ஊர் துஞ்சாமை' என்னும் துறைப்பெயரையே இக்கட்டுரைக்குத் தலைப்பாகக் கொண்டோம். காவலூரில் விண்மீனைக் காணக் காத்திருப்பார்க்கும், குறியிடத்துத் தலைவனுக்கும் பகையாவன பெரிதும் ஒன்றே என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகிறது. நிலவு வெளிப்பட்ட நாள்களில் மங்கிய பொருள்களை நோக்குதல் இயலாமையின், வானாய்வாளர் தம் இரவுகளை மறைநிலவுப் பக்கம், முழுநிலவுப் பக்கம் எனப் பிரித்தே பணி வகுத்துக்கொள்கின்றனர். நிலவோ சில நாளில் தேயும். துஞ்சாத ஊருக்குத் தேய்பிறை இல்லை.

இம்மலைப் பகுதிக்கே உரிய பழம்பாட்டு ஒன்றும் நமக்கு வாய்த்துள்ளது. செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் அது. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு. ஆற்றுப்படுத்தும் கூத்தன் வழியின் இடர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிச் செல்கிறான். பன்றிக்கு வைத்த பொறியும், பாம்பு உறையும் குழியும், தினைக்காவலர் எறியும் கவண்கல்லும் அவற்றுட் சில. இரவு வந்தால் நடத்தலை நிறுத்திக் குகையிற் புகுந்து தங்குக என்றும், விடிந்தபின் நல்ல நெறி பற்றிச் செல்க என்றும் அவன் அறிவுறுத்துகிறான். இருளை வெல்லும் எண்ணம் அப்பாட்டில் இல்லை. இருளுக்குரிய இடத்தை விட்டுக்கொடுத்துத் தன் வழியை அமைத்துக்கொள்ளும் அறிவு உண்டு. மலையின் பல்வேறு ஒலிகளை அடுக்கிக் கூறும் அதன் புகழ்பெற்ற பகுதியும், கண் சுருங்கிய இடத்தில் செவி விரிந்த மக்களின் பட்டறிவிலிருந்து எழுந்ததாகலாம் என்பது எம் கருத்து. இதனை மறுப்பாரும் உளராகலாம்.

இனி விண்மீன்களுக்கு வருவோம். புறநானூற்று 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், பங்குனித் திங்களின் நள்ளிரவில் ஒரு மீன் வீழக் கண்டு, கோச்சேரமான் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சியதையும், ஏழாம் நாள் அவன் இறந்ததையும் கூறுகிறார். அந்நிகழ்ச்சியின் நேரத்தைக் குறிக்க அவர் விண்மீன் கூட்டங்கள் பலவற்றின் நிலையைத் தருகிறார். அனுடத்திற்கு முடப்பனை என்றும், புனர்பூசத்திற்குக் குளம் என்றும் பெயர். வளைந்த பனையும் நீர் நிறைந்த குளமும் தம் ஊரில் கண்டவையே. அவற்றை வானத்தில் ஏற்றிப் பெயரிட்டனர். மீன் என்னும் சொல்லே அவ்வாறு எழுந்தது போலும்.

இச்செய்திகளை வகுப்பில் கூறும்போது மாணவர் குறித்துக்கொள்கின்றனர். தேர்விலும் பிழையின்றி எழுதுகின்றனர். அவருட் பலர் கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்களையும் ஒருங்கே கண்டதில்லை. காரணம் அவர்தம் சோம்பல் அன்று. வானியலார் விண்மீனின் ஒளியை எண்ணால் அளப்பர்; எண் பெருகப் பெருக ஒளி குறையும். மாசற்ற இருளில் நம் கண் ஆறாம் எண் வரையிலான மீன்களைக் காணவல்லது. ஒளி மிக்க நகரத்தின் நடுவில் அவ்வெல்லை மூன்றுக்கும் நான்குக்கும் இடையே சுருங்கிவிடுகிறது. கார்த்திகையின் ஆறு மீன்களுள் ஒன்றே மூன்றாம் எண்ணைக் கடவாதது. நான்காம் எண்ணைக் கடவாதன நான்கு. எஞ்சிய இரண்டும் அதற்கு அப்பாற்பட்டவை. எனவே, அறுமீன் சில நகர்களில் நான்மீன் ஆகிறது; சில நகர்களில் ஒருமீனே ஆகிறது. கற்பிற்கு உவமையாகப் புலவர் போற்றிய வடமீனும் நான்காம் எண்ணின் எல்லையில் நிற்பதே. திருமணத்தில் அருந்ததி காட்டும் சடங்கு இந்நாளில் பெரும்பாலும் பகலில், மண்டபத்தின் வாயிலில் அல்லது கூரைக்குக் கீழ் நடைபெறுவதால், அம்மீனின் இழப்பை உணர்வார் குறைவு.

தமிழர் விளக்கை வெறுத்தவர் அல்லர் என்பதையும் ஈண்டே கூறிவிடுதல் நன்று. கார்த்திகை விளக்கீட்டைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். அகநானூற்று 141-ஆம் பாட்டில் நக்கீரர், திங்கள் அறுமீனைச் சேரும் நடுநாளில் மூதூர் விளக்கேற்றி விழாக் கொண்டாடுதலைக் காட்டுகிறார். சவ்வாது மலைக்குத் தெற்கே திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றப்படும் தீபத்தை நாடறியும். நக்கீரர் காட்டும் அவ்விரவில் விளக்கும் உண்டு, இருளும் உண்டு, மீனும் உண்டு. விளக்கு மீனை மறைத்ததாக எந்தப் புலவரும் கூறவில்லை. கூறுதற்கு அவர்க்கு வாய்ப்பும் இல்லை.

காவலூரின் தோற்றம்

தமிழகத்தில் புதுமுறை வானாய்வு 1786-இல் வில்லியம் பெட்ரி என்பார் சென்னையில் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய சிறு நிலையத்தோடு தோன்றியது. 1792-இல் கிழக்கிந்தியக் குழுமத்தின் நிலையம் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அங்கு நிறுவிய கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்தனர். கணித அறிவியலை ஆசியாவில் முதன்முதல் ஊன்றிய வள்ளன்மை தமதே என்பது அதன் சாரம். முடப்பனைக்கும் குளத்திற்கும் பெயரிட்ட மொழியிலேயே அப்பெருமிதம் பொறிக்கப்பட்டது நகைச்சுவை மிக்கது.

1899-இல் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்கு மாறியது. சூரியனை ஆராய்வதற்கு அவ்விடம் மிகவும் ஏற்றது. இரவு வானத்திற்கு முகில் தடையாயிற்று. 1960-இல் கோடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்ற வைணு பாப்பு, இரவு நோக்குதலுக்கு உரிய இடத்தைத் தென்னகத்தில் தேடத் தொடங்கினார். முன்னரே 1949-இல் ஆர்வர்டில் பயிலுங்கால் ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர் அவர். விண்மீன்களின் உண்மை ஒளியை அளத்தற்குரிய ஒரு நெறியும் ஓலின் வில்சன் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்து வழங்குகிறது. அவர் தேர்ந்த இடம் காவலூர். தேர்வுக்குக் காரணங்கள் பல. வட அகலாங்கு பன்னிரண்டரை அளவில் இருத்தலால் தென்வானத்தின் பெரும்பகுதி புலப்படும். ஆத்திரேலியாவிற்கும் தென்னாப்பிரிக்காவிற்கும் இடைப்பட்ட நெடும்பரப்பில் தென்வானை நோக்கும் நிலையம் ஒன்று தேவைப்பட்டது. இவற்றோடு நகர் விளக்குகளினின்றும் ஒதுங்கிய காடு என்பதும் இன்றியமையாத காரணம்.

1968-இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றால் பணி தொடங்கிற்று. 1972-இல் செருமனியின் கார்ல் சைசு நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அத்துணைக்கோளுக்கு வளிமண்டலம் உண்டெனக் கருதுதற்குரிய குறிப்பு இங்குக் கிடைத்தது. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனசு ஒரு விண்மீனை அணுகியபோது, கோளின் வட்டம் மறைக்கும் முன்னரே அம்மீன் மங்கி மீண்டது. காவலூரிலும், அமெரிக்கரின் பறக்கும் ஆய்வகத்திலும், வேறிடங்களிலும் இது பதிவாயிற்று. யுரேனசைச் சூழ வளையங்கள் உள்ளன என்பது தெளிந்தது. 1982-இல் பாப்பு மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாக்கப்பெற்று 1986 சனவரி 6-இல் பிரதமர் இராசீவ் காந்தியால் நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. 1988-இல் இராசமோகன் இங்கு ஒரு சிறுகோளைக் கண்டார். இராமானுசன் பெயரை அது பெற்றது.

இவ்வளவும் இருள் தந்த விளைவு. காட்டின் இருளை முதலாகக் கொண்டு நடந்த வாணிகம் என்று கூறினும் தவறாகாது.

ஒளி செய்யும் மறைப்பு

விளக்கொளி விண்மீனை எவ்வாறு மறைக்கிறது? மீன் அழிவதில்லை, அதன் பின்புலமாகிய வானம் வெளுக்கிறது. தெருவிளக்கிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒளியும், தரையில் பட்டு மீளும் ஒளியும் காற்றின் துகள்களிலும் மூலக்கூறுகளிலும் மோதிச் சிதறுகின்றன. அச்சிதறலின் ஒரு பகுதி மீண்டும் கீழே வரும். வெண்மையான தாளில் வெண்சுண்ணத்தால் எழுதினாற்போல மங்கிய மீன்கள் மறைந்துவிடும். ஆடியைப் பெரிதாக்கினால் தீருமோ எனின், தீராது. பெரிய ஆடி மீனின் ஒளியை மிகுதியாகத் திரட்டும். வெளுத்த வானின் ஒளியையும் அவ்வளவே மிகுதியாகத் திரட்டும்.

ஒளியின் அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்மடியாகப் பெருகும். பழைய சோடிய விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டர் அலைநீளத்தது. வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் நீலக்கூறு ஏறத்தாழ 450 நானோமீட்டர். கணக்கிட்டால், தூய காற்றில் பின்னது முன்னதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறும். நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்தமைக்காக அகசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர்க்கு 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 2015 சனவரியில் இந்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியது. மின்செலவு குறைந்தது, நிலக்கரி எரிப்பு அவ்வளவுக்குக் குறையும். இயற்கைக்கு இஃது உண்மையான நன்மை. இதனைக் குறைத்துக் கூறுதல் நேர்மை ஆகாது. ஆயினும், செலவு குறைந்த பொருளை மாந்தர் மிகுதியாகத் துய்ப்பர் என்பதனை 1865-லேயே செவன்சு என்னும் பொருளியலறிஞர் நிலக்கரியைப் பற்றிக் கூறினார். விளக்கிலும் அதுவே நேர்ந்தது. ஒன்று இருந்த இடத்தில் மூன்று எரிகின்றன.

2016-இல் வெளிவந்த உலக வரைபடம் ஒன்று, மக்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் ஒளியால் மாசுற்ற வானின்கீழ் வாழ்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினர் பால்வழியைக் காண இயலாதவர் என்றும் காட்டியது. 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பொதுமக்கள் கண்ணால் கண்டு பதிந்த குறிப்புகளைத் தொகுத்து, 2011 முதல் 2022 வரை வானத்தின் வெளுப்பு ஆண்டுதோறும் சராசரியாக நூற்றுக்கு 9.6 வீதம் பெருகியது எனக் கண்டது. ஒரு குழந்தை பிறந்தபோது 250 மீன்கள் தெரிந்த ஊரில், அது பதினெட்டு ஆண்டு அகவையை எட்டும்போது நூறே தெரியும் என்பது அவ்வாய்வாளர் கணக்கு.

இக்கேடு காவலூருக்கு எங்கிருந்து வருகிறது என்பது நம் வழக்கின் உயிர்நிலை. மெர்ல் வாக்கர் என்னும் அமெரிக்க வானியலார் 1977-இல் ஒரு விதி வகுத்தார். ஊரின் மக்கள்தொகை பெருகும் அளவிற்கு வானத்தின் வெளுப்புப் பெருகும். தொலைவு கூடக்கூட, அதன் இரண்டரை மடிக்கேற்பக் குறையும். அமெரிக்க நகரங்களை அளந்து கண்ட விதியாதலின் அதனை இங்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் ஒப்பீட்டிற்கு உதவும். வாணியம்பாடியும் ஆம்பூரும் தனித்தனியே ஏறத்தாழ ஓரிலக்கம் மக்களைக் கொண்ட ஊர்கள். காவலூரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். விதிப்படி, அத்தகைய ஓர் ஊர் தன் திசையில், அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவிலுள்ள வானத்தை இயற்கை இருளினும் நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு வெளுக்கச் செய்யும். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் ஐந்நூறு பேர் வாழும் மலைச்சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சேர்ப்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அதுவும், அமெரிக்க நகரத்தார் அளவிற்கு அம்மலைமக்கள் தலைக்கு விளக்கெரித்தால்!

இரவை இழப்பது தொலைநோக்கி மட்டும் அன்று. மின்மினியின் ஒளி அதன் மொழி; ஆண் காட்டும் குறிக்குப் பெண் மறுகுறி காட்டும். பின்புலம் வெளுத்தால் அம்மொழி விளங்காது. ஆனைமலையில் மின்மினிகள் பெருந்திரளாகக் கூடி ஒரே தாளத்தில் ஒளிர்தலை 2022-இல் ஆய்வாளர் பதிந்துள்ளனர். இருளிலேயே இயங்கும் தேவாங்கிற்கென அவ்வாண்டிலேயே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 11,806 எக்டேர். விளக்கைச் சுற்றி விட்டில் வீழ்தலைக் காதலுக்கும் பேதைமைக்கும் உவமையாக்கிப் புலவர் மகிழ்ந்தனர். பூவிற்குப் பூ மகரந்தம் சுமக்கும் உயிர் ஒன்று அவ்விளக்கடியில் வீணாகிறது என்பதனை உயிரியலார் இப்போது கூறுகின்றனர்.

இருள் யாருடையது

இவ்விடத்தில் ஒரு தீர்வு எளிதில் மனத்திற் தோன்றும். காவலூரைச் சூழ்ந்த மலைநாடுகளை இருட்காப்பிடமாக அறிவித்து, விளக்குகளை வரையறுத்துவிடலாம் என்பது அது. அறிவுடையோர் பலர் இவ்வாறு கருதக்கூடும். யாம் தயங்குகிறோம்.

தயக்கத்திற்குக் காரணம் சந்தனம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் தொடங்கி, காப்புக்காடு என்னும் எல்லை மலைமக்களின் வாழிடத்தைச் சுற்றி வரையப்பட்டது. சந்தனமரத்தின் மீது அரசு நெடுங்காலம் தனியுரிமை கொண்டிருந்தது. வெட்டிய கட்டைகள் திருப்பத்தூர்க் கிடங்கில் ஏலம் போயின. மரத்தோடு பிறந்து வளர்ந்தவன் அம்மரத்தைத் தொட்டால் குற்றவாளி. கள்ளத்தனமாக வெட்டிச் செல்வம் ஈட்டியவர் பெரும்பாலும் மலைக்கு அப்பாலிருந்தவர். 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்படும் வரை, அக்காட்டில் அவனுக்கும் உரிமை உண்டு என்பதை நாட்டின் சட்டம் வெளிப்படையாக ஏற்கவில்லை. சந்தனத்தைக் காத்தற்கு எடுத்த கோலையே இருளைக் காத்தற்கும் எடுத்தல் முறையாகாது.

மலைமகள் ஒருத்தி தன் முற்றத்தில் பாம்பை மிதியாதிருக்க வேண்டும்; மகப்பேற்று நோவுற்றவளை நள்ளிரவில் சுமந்து செல்வார்க்கு வழி தெரிய வேண்டும்; பள்ளிச் சிறுவன் மாலையில் படிக்க வேண்டும். மலைபடுகடாத்துக் கூத்தன் குகையில் தங்கச் சொன்னான் என்பதனால் இவர்களையும் குகையிருளில் வைக்க நினைப்பது இலக்கிய நயம் ஆகாது, கொடுமை. நகரத்து ஒளியில் அமர்ந்து மலையின் இருளைப் பாராட்டும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு என்பதும் எண்ணத்தக்கது.

மேலே காட்டிய கணக்கு ஈண்டு உதவுகிறது. காவலூரின் வானத்தை வெளுப்பது மலைமேல் எரியும் விளக்கு அன்று. கீழே எரியும் விளக்கு. ஆகவே அடங்க வேண்டிய ஊர் சமவெளியிலுள்ளது. அதுவும் அணைந்துபோக வேண்டுவதில்லை. விளக்கின் தலைக்கு மூடியிட்டு ஒளியை நிலத்தின்மேல் மட்டும் விழச் செய்தல், நீலம் குறைந்த மஞ்சள் ஒளியைத் தேர்தல், ஆள்நடமாட்டம் ஓய்ந்தபின் ஒளியைத் தாழ்த்துதல், விளம்பரப் பலகைகளை நள்ளிரவிற்கு முன் அணைத்தல் ஆகியவை போதும். மேல்நோக்கிச் செல்லும் ஒளி எவர்க்கும் பயன்படாதது. அதற்கும் மின்கட்டணம் செலுத்துகிறோம். தோற்பதனிடும் தொழிலால் பாலாற்றின் நீரைக் கெடுத்த பழி அவ்வூர்களுக்கு முன்பே உண்டு. அதனைத் தீர்த்தலோடு ஒப்பிட்டால் வானத்தைத் தீர்த்தல் மிக எளிது. ஆற்றில் கலந்த நஞ்சு நெடுங்காலம் தங்கும். வானில் கலந்த ஒளி விளக்கணைத்த நொடியில் நீங்கும். கேடுகளுள் இதுபோல் உடனே மீளத்தக்கது பிறிதொன்று உண்டோ என ஐயுறுகிறோம்.

மலைமக்களை ஒதுக்காது இருள் காத்தற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. லடாக்கின் ஆன்லே என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், 2000 முதல் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. காவலூரை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனமே அதனையும் நடத்துகிறது. அதனைச் சூழ்ந்த 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 திசம்பரில் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் இளைஞர்க்குத் தொலைநோக்கியைக் கையாளும் பயிற்சி அளித்து, வானம் காண வருவோர்க்கு அவர்களே வழிகாட்டிகளாகவும் விருந்தோம்புவோராகவும் ஆக்கினர். இருளால் அவ்வூரார்க்கு ஊதியம் உண்டாயிற்று. ஆன்லே மக்கள் மிகக் குறைந்த பாலைநிலம். சவ்வாது மலையோ நெருங்கிய ஊர்களுக்கு நடுவே நிற்பது. எனவே அம்முறை முழுதும் பொருந்தாது. தமிழக அரசு கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. வல்வில் ஓரியின் அம்மலையில் வாழ்வோரும் மலையாளிப் பழங்குடியினரே. அங்கு அவர்கள் பெறும் இடம் யாது என்பதை நோக்கிய பின்னர்ச் சவ்வாது மலையைப் பற்றிப் பேசுதல் தகும்.

ஊர் துஞ்சினாலும் வானம் துஞ்சுவதில்லை என்னும் புதிய இடரும் தோன்றியுள்ளது. 2019 மே முதல் அமெரிக்க நிறுவனம் ஒன்று இணையத் தொடர்பிற்கெனச் செயற்கைக்கோள்களை ஆயிரக்கணக்கில் ஏவிவருகிறது. அந்திக்குப் பின்னும் வைகறைக்கு முன்னும் அவை சூரியஒளி பட்டு மின்னி, தொலைநோக்கிப் படங்களில் கோடிழுக்கின்றன. அனைத்துலக வானியல் ஒன்றியம் இதனை ஆராய 2022-இல் தனி நடுவம் ஒன்றை அமைத்தது. தொலைபேசிக் கம்பம் எட்டாத மலையூருக்கு இதே செயற்கைக்கோள் தொடர்பு தரக்கூடும் என்பதனால் இவ்வழக்கும் முன்னதைப் போலவே இருதலையுடையது. ஆனால் இதில் நம் நகராட்சியிடம் முறையிட்டுப் பயனில்லை.

தமிழ்த்துறையினர்க்கென இவ்விடத்தில் ஒரு பணி காத்திருக்கிறது. நிகண்டுகள் இருளுக்கும் இரவிற்கும் தொகுத்துத் தந்த பெயர்களை நாம் அறிவோம். வாழும் வழக்கில் எஞ்சியவற்றை அவ்வளவு அறியோம். புதூர்நாட்டிலும் புங்கம்பட்டுநாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் முதியோர் அறுமீனை எப்பெயரால் அழைக்கின்றனர், முடப்பனைக்கும் குளத்திற்கும் அவர்கள் கண்ட வடிவம் யாது, இரவின் பகுதிகளை எச்சொற்களால் பிரிக்கின்றனர், சாமை விதைப்பிற்கு எந்த மீனின் எழுச்சியை நோக்கினர் என்னும் வினாக்களோடு முதுகலை மாணவர் சிலர் மலையேறுதல் வேண்டும். விளக்கு மிக்க ஊர்களில் முதலில் வினவுதல் நலம். அங்குத்தான் இச்சொற்கள் முந்தி மறையும். வீட்டினுள் அமர்ந்து பட்டியல் நிரப்புதல் இப்பணிக்கு ஒவ்வாது. முதியவரை வெளிமுற்றத்திற்கு அழைத்துவந்து, வானத்தைச் சுட்டிக் கேட்டல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தைத் திங்களின் மறைநிலவுப் பக்கம் அதற்கு ஏற்ற காலம். இரவு எட்டு மணியளவில் அறுமீன் அப்போது இம்மலையின் உச்சிவானுக்குச் சற்று வடக்கே நிற்கும்.